ஞாயிற்றுக்கிழமை மூட்டம்

அட்டுவம்பட்டி,
கொடைக்கானல்.

அன்பு மகள் சுகன்யாவுக்கு அம்மா எழுதுவது. பழனியாண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகம், அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா. போனில் சொன்னால் பாதியிலேயே மீட்டிங் இருக்கும்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், பக்கத்து வீட்டுப் புவனா இதைப் போட்டோ எடுத்து இன்றைக்கே அனுப்பிவிடுவாள். இப்போது எனக்கும் மீட்டிங் இருக்கிறது, தெரிந்துகொள்.

சின்ன வயசில் நீங்கள் எல்லாம் பந்து விளையாடின மேட்டைக் கார் நிறுத்துகிற இடமாக்கப் போகிறார்களாம், சீசனுக்கு வருகிற வண்டிகளுக்கு இடம் போதவில்லையாம். அளக்க வந்த அதிகாரியிடம் பிள்ளைகள் எங்கே போய் விளையாடும் என்று நேராகவே கேட்டேன். அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இந்த ஊர்ல பிள்ளைக எங்கம்மா இருக்கு?" என்றார். இந்த மாதத்துக்குள் ஊர் கூடிப் பேசி எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம், இல்லாவிட்டால் ஜல்லி கொட்டிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஜீப் ஓட்டுகிற பொன்னுவேல் மாமாதான் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார், வாட்ஸப் குரூப்பில் தகவல் போடுகிற சோலி என் தலையில் விழுந்தது. எழுத்தெழுத்தாக அடிக்க யாருக்குப் பொறுமை, போனிடம் வாயால் சொன்னேன். தினமும் உனக்கு இங்கே மூட்டம், இங்கே மூட்டம் என்று சொல்லிப் பழகின போன் அல்லவா, கூட்டத்தையும் மூட்டமாக்கி அனுப்பிவிட்டது. "ஞாயிறு காலை மேட்டில் மூட்டம், யாரும் மறக்க வேண்டாம்." அதைப் படித்தவர்கள் என்ன செய்வார்கள், காயப்போட்ட துணியை எடுத்து உள்ளே போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மேட்டில் நான், அப்பா, பொன்னுவேல் மாமா, சர்ச் ஹாலில் கேட்டு வாங்கி வந்த நாற்காலிகள், அவ்வளவுதான். சொல்லி வைத்த மாதிரி மூட்டமும் வந்து இறங்கியது. உன் அப்பா சிரித்த சிரிப்பில் என் மானமே போயிற்று. இப்போது ஊரே மீட்டிங்கை மூட்டம் என்றுதான் சொல்கிறது, மளிகைக் கடையில்கூட அடுத்த மூட்டம் எப்போது என்று கேட்கிறார்கள்.

ஆனால் அந்த வெள்ளைக்குள் நின்றபோது உங்கள் ஞாபகம் வந்துவிட்டது கண்ணு. சாயங்காலம் மூட்டம் இறங்கினால் மேட்டில் ஒரு பிள்ளையும் கண்ணுக்குத் தெரியாது. அம்மாமார் எல்லோரும் வாசலில் நின்று அவரவர் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிடுவோம், நீங்கள் ஒவ்வொருவராக ஓ என்று குரல் கொடுப்பீர்கள். நீ வேண்டுமென்றே கடைசியாகத்தான் கொடுப்பாய், நான் இன்னும் நாலு தடவை கூப்பிடட்டும் என்று. உன் ஓ காதில் விழுந்த பிறகுதான் அடுப்படிக்குத் திரும்புவேன். இன்றைக்கும் மூட்டம் இறங்கினால் கால் தானாக வாசலுக்குப் போகிறது. யாரைக் கூப்பிட, சும்மா நின்றுவிட்டு உள்ளே வந்துவிடுகிறேன்.

அங்கேயே பொன்னுவேல் மாமாவிடம் சொல்லிவிட்டேன், பிள்ளைகள் எங்கே என்று அந்த அதிகாரி கேட்டாரே, கூப்பிட்டே காட்டுவோம் என்று. வருகிற ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மறுபடி கூடுகிறோம், உங்களுக்கெல்லாம் தோதாக இருக்கட்டும் என்றுதான் அந்த நேரம். அதிகாரியும் வருகிறார். இந்தத் தடவை எல்லோருக்கும் தகவல் சொல்ல வீடு வீடாக நானே நடந்தேன், போனை நம்பவில்லை. புவனா லேப்டாப்பும் ஸ்பீக்கரும் கொண்டுவருகிறாள், வெளியூரில் இருக்கிற நம் பிள்ளைகள் எல்லோருக்கும் லிங்க் அனுப்புவாள். மூட்டம் வந்தால் நெட்வொர்க் இழுக்கும், முகம் தெரியாது, தெரியாவிட்டால் போகட்டும், அப்போது மட்டும் தெரிந்ததா என்ன.

தலைக்கு எண்ணெய் வை, மாப்பிள்ளையை வெறும் ரொட்டியிலேயே ஓட்டாதே. நீங்கள் இருவரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். கூட்டத்தில் நீ பிரசங்கம் ஒன்றும் செய்ய வேண்டாம். நான் பேர் சொல்லிக் கூப்பிடுவேன், ஓ என்று சொன்னால் போதும். இந்த ஒரு தடவை மட்டும் கடைசியாகச் சொல்லாதே.

வாசலில் நிற்கும்
அம்மா பரமேஸ்வரி