புடலங்காயில் தொங்கும் சாவி

அத்தான்,

சோறும் தீயலும் மூடி வைத்திருக்கிறேன், சாப்பாடு பிறகு. முதலில் பின்பக்கத்துப் புடலம் பந்தலுக்குப் போங்கள்.

சித்திரை பிறந்ததும் தோட்டம் அள்ளிக் கொடுக்கிறதே, கல்யாண வீட்டுக்கு நாலு காய் பறிப்போம் என்று போனேன். காய் சுருளாமல் நீள, நுனியில் வாழைநாரால் கல் கட்டித் தொங்கவிட்டீர்கள் அல்லவா? ஓரத்துக் காயில் தொங்குவது கல் இல்லை. இத்தனை நாளாகத் தேடின நம்ம பீரோ சாவி! போனில் பேசிக்கொண்டே கட்டினீர்கள். கல் தீர்ந்ததும் மடியில் கிடந்த சாவியை எடுத்துக் கட்டியிருக்கிறீர்கள்.

"ஏட்டி, ஒரு சாவியப் பத்திரமா வைக்கத் தெரியாதா ஒனக்கு?" என்று அத்தை முன்னால் வைத்துக் கேட்டீர்களே! அரிசிப் பானைக்குள்கூடக் கையை விட்டுத் துழாவினேன்.

சாவியை நான் அவிழ்க்கவில்லை. கட்டின கையே அவிழ்க்கட்டும். அத்தையையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு அவிழுங்கள். களியக்காவிளைக் கல்யாணத்துக்குப் பழைய சேலையிலேயே போகிறேன். பீரோவைத் திறந்து பட்டுச்சேலையை எடுத்துக்கொண்டு நேரே மண்டபத்துக்கு வாருங்கள்.

பிந்து

அவிழ்க்கும்போது காயை ஒடித்துவிடாதீர்கள். கல் கட்டின எல்லாவற்றையும்விட அதுதான் நேராக, நீளமாக வளர்ந்திருக்கிறது. விதைக்கு விடணும்.