மின்விசிறியில் ஒட்டிய பொட்டு

டீச்சர்,

நேற்று பன்னிரண்டாம் வகுப்பு அறையில் பழைய மின்விசிறியைக் கழற்றினார்கள். ஏணி மேல் நின்ற எலக்ட்ரீஷியன் குனிந்து என்னைக் கேட்டார்: “ஏங்க டீச்சர், ஃபேனுக்கெல்லாம் பொட்டு வெச்சிருக்கீங்க? ஆயுத பூசைக்கு வெச்சதா?”

இறக்கையை வாங்கிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில், நுனிக்கு அருகே, உங்கள் ஸ்டிக்கர் பொட்டு. மெரூன் நிறம் வெளுத்துப் பழுப்பாகியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை.

இறந்தவர்கள் கடிதம் படிப்பார்கள் என்று நான் நம்புவதில்லை. நீங்கள் நம்புவீர்கள். உங்கள் அம்மாவின் திதியன்று காக்கை வந்து சோறு எடுக்கும்வரை பள்ளிக்குக் கிளம்பாதவர் நீங்கள். அதனால் இந்த ஒரு விஷயத்தில் உங்கள் கட்சிக்கு விட்டுக்கொடுத்து எழுதுகிறேன்.

இருவரும் கணக்குதான். ‘ஏ’ பிரிவு உங்களுக்கு, ‘பி’ பிரிவு எனக்கு. நீங்கள் பென்னாகரம் பஸ்ஸில் வருவீர்கள், நான் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து. அத்தனை வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தும் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்ததில்லை. டீச்சர் என்றால் அது நீங்கள் என்று எனக்கும், நான் என்று உங்களுக்கும் தெரிந்திருந்தது.

கலப்பெண்களுக்கு மூலம் காணும் பாடம் வந்தாலே இருவருக்கும் தொண்டை கட்டும். 8i என்ற எண்ணின் முப்படி மூலத்தை x, y என்று வைத்துத் தேடினால் இரண்டு சமன்பாடுகளும் ஒரு தலைவலியும் மிஞ்சும். துருவ வடிவத்தில் எழுதினால் அது ஒரு நீளமும் ஒரு கோணமும்தான். நீளம் எட்டு, கோணம் தொண்ணூறு பாகை. எட்டின் கனமூலம் இரண்டு, தொண்ணூறில் மூன்றில் ஒரு பங்கு முப்பது. ஒரு மூலம் கிடைத்துவிடும். பிள்ளைகள் அங்கேயே பேனாவை மூடிவிடுவார்கள். அதே வட்டத்தில் நூற்றிருபது பாகை தள்ளி ஒன்று, இன்னொரு நூற்றிருபது தள்ளி மற்றொன்று என்று இன்னும் இரண்டு நிற்பதை நாம் எவ்வளவு கத்தினாலும் மறந்துவிடுவார்கள்.

ஒருநாள் கரண்ட் போய் மின்விசிறி மெல்ல நின்றபோது நீங்கள் சாக்பீசும் கையுமாக மேலே பார்த்துக்கொண்டே இருந்தீர்களாம். இடைவேளையில் என்னை இழுத்துக்கொண்டு போனீர்கள். பெஞ்சின் மேல் ஸ்டூலைப் போட்டு ஏறினீர்கள். ஸ்டூலைப் பிடித்தவள் நான்.

“விழுந்து கிழுந்து வெச்சீங்கன்னா உங்க வூட்டுக்காரருக்கு நான்தான் பதில் சொல்லணும்.”

“புடிங்க டீச்சர். மூணு ரெக்கையும் ஒரே மாதிரி இருக்குதில்ல? ஒண்ணுக்கு அடையாளம் வெச்சா அது எங்க நிக்குதுன்னு சொல்லிரலாம். அத வெச்சு மத்த ரெண்டையும் சொல்லிரலாம்.”

“அப்புறம் பிள்ளைங்க ஃபேனைத்தான் பார்ப்பாங்க. போர்டைப் பார்க்க மாட்டாங்க.”

“இப்ப மட்டும் போர்டையா பாக்கறாங்க?”

நெற்றியிலிருந்த பொட்டையே எடுத்து ஒட்டினீர்கள். அன்று மாலைவரை வெறும் நெற்றியோடு திரிந்தீர்கள். தலைமையாசிரியர் இரண்டு முறை உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

ஜன்னல் பக்கம் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டீர்கள். அதன் பிறகு, ஊரே மின்வெட்டைத் திட்டிக்கொண்டிருந்த காலத்தில், உங்கள் வகுப்பு மட்டும் அதற்குக் காத்திருந்தது. விசிறி நிற்கும். ஒருத்தி “முப்பது” என்பாள். மற்றவர்கள் சேர்ந்து “நூத்தியம்பது, எரநூத்தி எழுவது” என்பார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் என் வகுப்பு வரைக்கும் கேட்கும். “நீளத்துக்கு மூலம் எடு, கோணத்த மூணால வகு, மிச்சத்த ஃபேன் பாத்துக்கும்” என்பது உங்கள் வாய்ப்பாடு. நாலாம்படி மூலம் கேட்டால் என்ன செய்வது என்று ஒருத்தி மடக்கினாள். “எச்செம் ரூம்ல நாலு ரெக்க ஃபேன் இருக்குது, போய்ப் பாத்துட்டு வா” என்றீர்கள்.

எனக்கு அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை. அது விளையாட்டு, பரீட்சைக்கு உதவாது என்றேன். “நீங்க மழையில நின்னுக்கிட்டே கைய நீட்டிப் பாத்துட்டுத்தான் கொடைய விரிப்பீங்க” என்று சிரித்தீர்கள்.

அடுத்த ஏப்ரலில் தருமபுரியில் விடைத்தாள் திருத்தும் முகாம். ஒரே மேசையில் இருந்தோம். உங்களுக்கு வந்த விடைத்தாள் கட்டுக்குள் ஒரு தாள். கேள்வி ஏறக்குறைய இதே கணக்கு, ஐந்து மதிப்பெண். விடைக்குறிப்பில், கூட்டும் முழுச் சுற்றுகளின் எண்ணிக்கையான k-க்கு 0, 1, 2 என்று மதிப்புக் கொடுத்து முப்பது, நூற்றைம்பது, இருநூற்றெழுபது பாகையில் மூலங்கள் கண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளை -1, 0, 1 என்று கொடுத்திருந்தது. அதனால் ஒரு விடை இருநூற்றெழுபதுக்குப் பதில் மைனஸ் தொண்ணூறில் வந்தது. வலப்பக்கம் கால் சுற்று போனாலும் இடப்பக்கம் முக்கால் சுற்று போனாலும் சேரும் இடம் ஒன்றுதான். நீங்கள் ஐந்தும் போட்டீர்கள். முதன்மைத் தேர்வாளர் அதை அடித்து மூன்று என்று எழுதச் சொன்னார்.

“சரிதான்னு எனக்கும் தெரியும்மா. கீயில இப்படி இல்லியே. நாளைக்கு மேல கேட்டா யாரு பதில் சொல்றது? உங்களுக்குத்தான் மெமோ வரும்.”

நான் மேசைக்கடியில் உங்கள் முழங்கையைத் தொட்டேன். மெமோ என்ற சொல்லுக்கு நாமெல்லாம் பயந்தவர்கள். யாரென்றே தெரியாத ஒரு பிள்ளைக்கு இரண்டு மதிப்பெண். அந்த இரண்டில் ஒரு சீட்டு தவறலாம் என்று இருவருக்கும் தெரியும். நீங்கள் பேனாவை மூடி வைத்தீர்கள். கரண்ட் போய் அரை மணி நேரம் ஆகியிருந்தது. தலைக்கு மேலே விசிறி அசையாமல் நின்றது.

“சார், இந்த ஃபேன்ல மொத ரெக்க எது?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். மேசையில் எல்லோரும் பார்த்தோம்.

“மொத ரெக்கன்னு ஒண்ணு ஏதும்மா? மூணும் ஒண்ணுதான்.”

“அப்ப இந்தப் புள்ள எந்த ரெக்கையில ஆரம்பிச்சா நமக்கென்னங்க சார்? நாம பொட்டு வெச்சாத்தான் அது மொதலு.”

“பொட்டா?”

“அது வேற கதைங்க சார்.”

“நல்லாத்தான் பேசறீங்க. மேல கேட்டா?”

“மேல கேட்டா மேலயே காட்டுங்க சார்.”

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு ஐந்து என்று எழுதி, பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். மெமோ எதுவும் வரவில்லை.

பஸ் நிலையத்தில் கரும்புச்சாறு குடிக்கும்போது, “கெட்டிக்காரப் பொண்ணு” என்றீர்கள். பெண் என்று எப்படித் தெரியும் என்றேன். “பையனா இருந்தா ஒரு மூலத்தோட எழுந்து போயிருப்பான்” என்றீர்கள். ஆதாரமில்லாத பேச்சு. அன்று நான் மறுக்கவில்லை.

நீங்கள் போன பிறகு உங்கள் ‘ஏ’ பிரிவையும் எனக்கே கொடுத்துவிட்டார்கள். நேற்று அந்த வகுப்பில்தான் புது விசிறி மாட்டினார்கள். பழைய இறக்கைகள் ஸ்டோர் ரூமுக்குப் போய்விட்டன. அரசாங்கப் பொருள், கேட்கக் கூடாது. நான் பொட்டு வைப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். முதல் பெஞ்சில் இருந்தவளிடம் ஒரு பொட்டுக் கேட்டேன். வகுப்பு முழுக்க வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. எலக்ட்ரீஷியன் அதை விரல் நுனியில் வாங்கிக்கொண்டு, “எந்த ரெக்கையிலங்க டீச்சர்?” என்றார்.

“எதுல வேணா வையுங்க. வெச்ச பிறகு அதுதான் முதல்.”

ஜன்னல் பக்கம் பூஜ்யம் என்று சொல்லிப் பாடத்தைத் தொடங்கினேன். மதியம் கரண்ட் போனது. இப்போதெல்லாம் அபூர்வமாகத்தான் போகிறது. பொட்டு மெல்லச் சுற்றி, கதவுப் பக்கமாக வந்து நின்றதாம். “நூத்தி எழுவது” என்றாள் பொட்டுக் கொடுத்தவள். சிலர் விரல்விட்டுக் கூட்டினார்கள். பிறகு பின்பெஞ்சிலிருந்து, “எரநூத்தித் தொண்ணூறு, அப்புறம் அம்பது” என்று ஒரு குரல்.

நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். திரும்பவுமில்லை, மேலே பார்க்கவுமில்லை.

“சரி” என்றேன்.