அம்மா மறக்காத மாத்திரை

அன்பு மகளுக்கு, அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. இங்கே இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய்நொடியில்லாமல் இருக்க வேண்டும். குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா, கையில் கிடைத்ததையெல்லாம் கடிப்பாள், பார்த்துக்கொள். மேல்வீட்டுக் குழாய் ஒழுகி நம் சமையலறைச் சுவர் ஊறிக் கிடக்கிறது, வீட்டுக்காரரிடம் சொன்னால் நாளைக்கு நாளைக்கு என்கிறார். அம்மாவை உன்னோடு கூட்டிப்போக டிக்கெட் எடுக்கப்போவதாகச் சொன்னாயே, எடுக்காதே. ஏன் என்று போனில் சொல்லப் பார்த்தேன், நாக்கு புரளவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத எனக்குக் கடிதம் என்றால் உன் அம்மா கைதான். அவள் காதில் விழாமல் ஒரு வார்த்தையும் உனக்கு வராது, அதற்காகவே இன்று அவளை உட்காரவைத்தேன்.

அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்றுதானே இத்தனையும். அவளுடைய சர்க்கரை மாத்திரை டப்பாவில் காலைக்கு ஒரு குழி, ராத்திரிக்கு ஒரு குழி, படுக்கப்போகுமுன் மறுநாளுக்கானதைப் போட்டு வைப்பாள். காலையில் திறந்தால் குழி காலி. முழுங்கியிருப்பேன், இல்லாட்டி எங்கே போகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். சர்க்கரை ஏறிப்போய், ஒழுங்கா மாத்திரை போடறீங்களா என்று டாக்டரம்மா கேட்டபோது, போடறேன்னுதான் நினைக்கிறேன், ஞாபகம் நிக்கலை என்று தலையைக் குனிந்துகொண்டாள். நான் பக்கத்தில் உத்தமன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். தையல் கடையில் துணி வெட்டுகிறவள், ஆளைப் பார்த்தே தோள் அளவு சொல்கிறவள், போன வாரம் கத்தரிக்கோலைக் கடைக்காரம்மாவிடம் கொடுத்து, இனிமே என்னை நம்பித் துணி தராதீங்க, வீணாப் போயிடும் என்று சொல்லிவிட்டு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த மாத்திரையைத் தின்றவன் நான்தான்.

பேனா நின்றுவிட்டது. சொன்னதைச் சொன்னபடி எழுதும்மா என்கிறேன். சில மாதம் முன்பு முடிவெட்டுகிறவர் என் தலையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பெரியவரே, சங்கதி தெரியுமா, பெரிய பெரிய பணக்காரங்க சர்க்கரை இல்லாமலே சர்க்கரை மாத்திரை போடறாங்களாம், வயசு ஏறாதாம், ஆயுசு நீளுமாம், போன்ல பார்த்தேன் என்றார். அவரைக் குற்றம் சொல்லமாட்டேன், அவர் தலைக்கு மேலே பேசினார், நான் தலைக்குள்ளே ஏற்றிக்கொண்டேன். என்னோடு அந்த ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டிய சிநேகிதனை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்த நேரம், அவன் என்னைவிடச் சின்னவன். பயந்துவிட்டேன். பேத்தி தாத்தா என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டுப் போகலாமே என்று ஒரு பேராசை. மருந்துக் கடையில் டாக்டர் சீட்டு கேட்பார்கள், இந்த நரைத்த தலையோடு வயசு ஏறாத மாத்திரை கொடு என்று எந்த முகத்தோடு நிற்பது. மாத்திரை அட்டையில் கை வைத்தால் எண்ணிக்கை குறைந்து உன் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். அதனால் அவளுக்கு முன்னால் எழுந்து, குழியில் இருக்கும் நீள வெள்ளையை விழுங்கிவிடுவேன். இன்றைக்கு ஒரு நாள்தானே என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். வயிறு கலக்கிக் கக்கூசே கதியென்று கிடந்ததுதான் மிச்சம், அதற்கும் அவள்தான் உப்பும் சர்க்கரையும் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தாள். முந்தாநாள் அவள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க உள்ளே போயிருந்தபோது டாக்டரம்மாவிடம் யாருக்காகவோ கேட்பதுபோல் கேட்டேன். அதெல்லாம் இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு ஐயா, ஆயுசு கூடும்னு யாரும் நிரூபிக்கலை, நீங்க பாட்டுக்கு ஏதாவது போட்டு வைக்காதீங்க என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றோடு விட்டேன், நாளை அவரிடமும் நடந்ததைச் சொல்லிவிடுவேன்.

எந்த மாடியில் எவர் இறங்குவார் என்று இன்றைக்கும் முகம் முகமாகச் சொல்கிறவன் நான், எனக்கு மறதியே கிடையாது என்று பீற்றிக்கொள்கிறவன். அடுப்பை அணைச்சேனாங்க என்று அவள் திரும்பத் திரும்ப வந்து கேட்டபோது, எல்லாம் அணைச்சிருக்கு போ என்று பெரிய மனுஷன் மாதிரி பதில் சொன்னேன். என் ஆயுசில் நாலு நாள் ஒட்டவைக்கப் போய் அவளுக்குத் தன் புத்திமேல் இருந்த நம்பிக்கையைப் பிடுங்கிவிட்டேன். உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை மகளே. இதுவரைக்கும் எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள், அப்போ நான் மறக்கலையா என்றாள். இல்லை என்றேன். ஒரு நாள்கூடவா என்றாள். ஒரு நாள்கூட இல்லை என்றேன். திட்டினால் தாங்கிக்கொண்டிருப்பேன், திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேலே சொல்லுங்க என்கிறாள்.

ஆகவே கண்ணு, அம்மாவைக் கூட்டிப்போக வராதே, பார்த்துவிட்டுப் போக வா. இதைப் படித்ததும் அவளுக்குப் போன் போட்டு, உனக்கு மறதி இல்லைம்மா என்று நீயும் சொல், இனி என் பேச்சை அவள் எப்படி நம்புவாள். தையல் கடைக்கு நானே போய்க் கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி வருகிறேன் என்றேன், நீங்க ஒண்ணும் வர வேண்டாம், என் கத்தரிக்கோலை நான் கேட்டுக்குவேன் என்கிறாள். யாரோ சொன்னார்கள் என்று எந்த மாத்திரையையும் வாயில் போடாதே, மாப்பிள்ளையிடமும் சொல். குழந்தையைக் குளிரில் வெளியே விடாதே. நீங்கள் மூவரும் நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும், இந்த வாயால் அதைச் சொல்லக் கூசுகிறது, ஆனாலும் பெற்றவன் வேறு என்ன சொல்வேன். எப்போதும் கடிதம் முடிந்ததும் என் கட்டைவிரலைப் பிடித்து மையில் ஒற்றி, இடம் பார்த்து அவளே பதிய வைப்பாள். இன்று விரலை நீட்டினேன், நீங்களே வெச்சுக்குங்க என்றுவிட்டாள். மை எழுத்தின் மேல் பட்டு அழிந்திருந்தால் பொறுத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அப்பா, கைநாட்டு