வயிற்றில் பட்ட அம்பு

ஜனவரி 9, வியாழன்

காலையில் மூடுபனி. வேலிக்கம்பி தெரியவில்லை. எனக்கு எழுத்து வராது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது.

வேலை: மான் தொட்டி கழுவ. புல்கட்டு ஆறு. முழங்காலுக்குத் தைலம்.

பண்ணையில் ஆண் மான் அதிகம். ஒன்றைக் குறைக்க அர்பாப், எங்கள் அரபி முதலாளி, சொல்லி ஒரு மாதம். வழக்கமாக வலை போட்டுப் பிடிப்போம். குல்கான் பாய் பிஸ்மில்லா சொல்லி அறுப்பார். இரண்டு நிமிஷம். இந்த முறை அர்பாப் மகனின் சிநேகிதர் வருகிறாராம், கிராஸ்போவோடு. விசை வைத்த வில். கார்த்திக் சார், சென்னைக்காரர், துபாயில் பெரிய உத்தியோகம்.

சமையல்கார சேவியருக்கு ஒரே சிரிப்பு. "வில்லோட வாறாரா? வேட்டைக்கா, வில்லுப்பாட்டுக்கா அண்ணாச்சி?"

ஜனவரி 10, வெள்ளி

அருவருப்பு. இன்றைக்கு வேறு சொல் இல்லை.

மாலை நான்கு மணி. தொட்டிக்கு அப்பால் கிழட்டு ஆண் மான். கார்த்திக் சார் வில்லைத் தோளில் வைத்துக்கொண்டு, "பெரியவரே, நாப்பது மீட்டர்தானே?"

"ஆமா சார்."

அறுபது. அந்த மண்ணில் இருபத்தாறு வருஷமாக நடக்கிறேன். சார் கேட்டால் 'ஆமா' வந்துவிடுகிறது. நாக்கு அப்படிப் பழகிக் கிடக்கிறது.

மான் நடந்துகொண்டிருந்தது. நிற்கட்டும் என்றும் நான் சொல்லவில்லை. விட்டார். அம்பு தாழ்ந்து பின்வயிற்றில். முதுகை வளைத்துக்கொண்டு வேலியோரம் ஓடிற்று.

"ஹிட்! ஹிட்!" ஒரு குதி. அர்பாப் மகன் கைகொடுத்தான்.

அம்பு மானைத் துளைத்து அந்தப் பக்கமாக வந்து விழுந்திருந்தது. எடுத்து மோந்தேன். பச்சை, சாணி நாற்றம்.

"சார், குடல்ல பட்டுருக்கு. யாரும் பின்னால போவாதீங்க. விட்டா பக்கத்துலயே படுத்துரும். ரெண்டு மூணு மணிநேரம் கழிச்சுப் போய் முடிச்சுரலாம்."

மகனுக்கு இந்தியில் சொன்னேன். கேட்கவில்லை. அம்பு விட்டவர் பிஸ்மில்லா சொல்லாதவர். கத்தி படுமுன் செத்தால் ஹராம், தின்னக்கூடாது. "குல்கான், கத்தி எடு! ஜல்தி! யல்லா!"

பிக்கப்பில் விரட்டினார்கள். படுக்கும், எழுப்புவார்கள். மறுபடி படுக்கும், ஹாரன். நான்கு தடவை எண்ணினேன். வெளிச்சம் போனதும் காலையில் பார்க்கலாம் என்று கோழி சுட உட்கார்ந்துவிட்டார்கள்.

கார்த்திக் சார் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "கறி வேஸ்ட் ஆயிடாதே?"

தட்டை வாங்காமல் ரூமுக்கு வந்துவிட்டேன்.

அர்பாப் மகனின் தாத்தா இப்படி இல்லை. நான் வந்த இரண்டாம் வருஷம் அவர் சுட்ட மான் தொடையில் பட்டு ஓடிற்று. தன் கையால் முடிக்கிறவரை பச்சைத் தண்ணீர் தொடவில்லை. செருப்பு வார் அறுந்தது, இடதுகால். வெறுங்காலோடு நடந்தார்.

ஜனவரி 11, சனி

விடிந்ததும் தேடினேன். வடக்கு மூலை, இலந்தை மரத்தடி. உயிர் இருந்தது. வயிறு ஊதி, காயம் முழுக்க ஈ. என்னைப் பார்த்து எழ முயன்றது. முன்கால் மட்டும் எழுந்தது.

குல்கான் பாய் வர அரைமணி. நான் வேதக்காரன், கிறிஸ்தவன், என் கத்தி பட்டதை இங்கே யாரும் தின்னமாட்டார்கள். புல் அறுக்கிற கத்திதான் கையில். ஒரே இழுப்பு.

குழி தோண்டப் பத்தரை ஆயிற்று. சேவியரும் மண் அள்ளினான். "இதச் செஞ்சவன் எங்க அண்ணாச்சி?" துபாய் போயாச்சு என்றேன். நானும் செய்தவன்தான், அதை அவனிடம் சொல்லவில்லை.

அர்பாப் மகன் போனில் என்னைக் கழுதை என்றான். பாய்க்காக ஏன் காத்திருக்கவில்லையாம்.

ஜனவரி 12, ஞாயிறு

மணல் காற்று. கை நாற்றம் சோப்புக்குப் போகவில்லை.

பதினொன்றுக்குக் கார்த்திக் சார் போன். அவர் வாய் திறக்குமுன் சொல்லிவிட்டேன். "சார், அது நாப்பது இல்ல, அறுபது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் ஆமான்னேன். என் தப்புதான்."

அவரும் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அப்பாடா! அதான பாத்தேன். என் ஷாட்ல தப்பே இல்ல பாருங்க. ரெண்டு நாளா மனசே சரியில்ல பெரியவரே." பக்கத்தில் யாரிடமோ சிரிப்பு: "சொன்னேன்ல? அந்தத் தாத்தாதான் தூரத்தத் தப்பாச் சொல்லிட்டாரு."

"நடக்குற மானுக்கு விட்டது யாரு சார்? வெரட்டுனது யாரு?"

"அத விடுங்க. கொம்பு மட்டும் எடுத்து வைங்க. வியாழக்கிழமை டிரைவர அனுப்புறேன்."

"கொம்போடதான் பொதச்சேன்."

"தோண்டிருங்களேன், ப்ளீஸ்."

"மம்பட்டி இங்கதான் சார் இருக்கு. நீங்களே வாங்க. மூக்கப் பொத்திக்கிட்டு வாங்க."

வைத்துவிட்டார்.