நாற்பதில் வந்த முட்டை லாரி

இதனால் ஊரார் அனைவருக்கும் அறிவிப்பது என்னவென்றால், எங்கள் வீட்டு முட்டை ஒன்று இன்று காலை சமையல் மேடையிலிருந்து விழுந்து தரையோடு தரையாகிவிட்டது. நான்தான் காரணம் என்று அம்மா சந்தேகிக்கிறாள். நான் மேடையைச் சந்தேகிக்கிறேன். அது கொஞ்சம் சரிவு. விசாரணை நடந்துவருகிறது.

துணியோடு குனிந்தபோது அந்த வாசனை வந்தது மாமா. உங்கள் காக்கிச் சட்டை வாசனையில் பாதி. மீதிப் பாதி டீசல். அதற்கு நான் எங்கே போவேன்?

முதலில் நல்ல செய்தி. உங்கள் மேல் கிடந்த பழியை நான் துடைத்துவிட்டேன். பரீட்சையில் முட்டை வாங்குகிறவன், ஒரு முட்டை லாரிக்காகப் போட்ட கணக்கால் துடைத்தேன்.

மோகனூர் ரோட்டில் பொழுது சாயும் நேரம் நடந்தது அது. வளைவு தாண்டியதும் பின்விளக்கு இல்லாமல் நடுரோட்டில் நின்றிருந்த கரும்பு டிராக்டர் மேல் நீங்கள் ஓட்டிவந்த முட்டை லாரி மோதியது. யாருக்கும் அடி இல்லை. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து இடித்தீர்கள் என்றார் டிராக்டர்காரர். நாற்பது என்றீர்கள் நீங்கள். லாரி ஓனர் எண்பதை நம்பினார். அவ்வளவு சீக்கிரம் ஏன் நம்பினார் என்பது எனக்கு இன்றும் சந்தேகம்தான். ஸ்டியரிங் வேறொருவர் கைக்குப் போனது. அதன் பிறகு உங்களை யாரும் வண்டிக்குக் கூப்பிடவில்லை.

விரிசல் விட்ட முட்டைகளை அட்டையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள். அந்த வாரம் முழுக்க தெருவுக்கே ஆம்லெட். ஆனாலும் ஒவ்வொரு முட்டையையும் தரையில் சுற்றிவிட்டுப் பார்த்துத்தான் அத்தை கையில் கொடுத்தீர்கள். அந்தப் பழக்கத்துக்குக் காரணம் நான். பச்சை முட்டைகளுக்கு நடுவே ஒருமுறை வேகவைத்ததை ஒளித்துவைத்து, அத்தை அதைத் தோசைக்கல் விளிம்பில் தட்டித் தட்டி அலுத்ததை வேடிக்கை பார்த்தவன். வெந்தது சீராகச் சுற்றும், பச்சை தள்ளாடி நின்றுவிடும்.

"இன்னுமா என்னை நம்பல மாமா?"

"உன்னையா? நீ குட் மார்னிங் சொன்னாக்கூட வெளிய போயிப் பாப்பன் மாப்ள, விடிஞ்சிருக்குதான்னு."

சிரித்தோம். அப்போது சுற்றிக்கொண்டிருந்த முட்டை நின்றது. நின்ற பிறகும் அதையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"மீட்டர் முள்ளு நாப்பதத் தாண்டல மாப்ள" என்றீர்கள். நான் கேட்கவே இல்லை.

போன மாதம் நெஞ்சுவலி என்று படுத்தீர்கள், எழவில்லை. இழவு வீட்டில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். உட்கார வந்த ஒருவர் பக்கத்து ஆளிடம், "கரும்பு லோடுல கொண்டுபோயி உட்டாரே, அவருதானுங்க. எம்பதுல போனாராமா" என்றார். நாற்காலியை அவருக்குப் போடாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

இந்த வாரம் பள்ளியில் மோதல் பாடம். இரண்டு பொருள்கள் மோதி ஒட்டிக்கொண்டு நகர்ந்தால் இயக்க ஆற்றலில் ஒரு பங்கு குறைகிறது. அது எங்கே போனது என்று கேட்டால் வெப்பம், ஒலி, நெளிவு என்கிறார் வாத்தியார். காணாமல் போன ஆட்டுக்கு இப்படி ஒருவன் பதில் சொன்னால் நம் ஊரில் விடுவார்களா? ஆனாலும் எழுதிக்கொண்டேன். எனக்கு அந்தக் கணக்கு வேண்டியிருந்தது.

லாரியும் கரும்பு டிராக்டரும் ஏறக்குறைய ஒரே எடை என்று வைத்தேன். நின்ற வண்டிக்கு வேகம் இல்லை. மோதிய பின் இரண்டும் சேர்ந்து நகர்ந்தன. எடை இரண்டு மடங்கானதால் வேகம் பாதியானது. நாற்பது, இருபது. அரை எம் வி ஸ்கொயரில் முன்னதையும் பின்னதையும் போட்டுக் கழித்தால், இயக்க ஆற்றலில் சரிபாதி போய்விட்டது. போன பாதிதான் பம்பரை நெளித்தது, முன்வரிசை முட்டைகளை உடைத்தது. பின்வரிசை அசையாமல் இருந்தது. கணக்கு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. தாளை மடித்துக்கொண்டு டிராக்டர்காரர் டீ குடிக்கும் கடைக்கு நேராகப் போனேன்.

"ஏனுங்ண்ணா, என்ற மாமா நாப்பதுலதான் வந்தாரு. கணக்குப் போட்டாச்சு."

இந்த இடத்தோடு மடலை முடித்திருந்தால் நான் பெரிய ஆள். மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் தாளை வாங்கி நிதானமாகப் பார்த்தார். முதல் வரியில் விரலை வைத்தார்.

"இந்த நாப்பது எங்கிருந்து வந்துது சாமி?"

"மாமா சொன்னாருங்க."

"அப்பறம் இத்தனை கணக்கு எதுக்கு? மாமன் சொன்னாருன்னே சொல்லீட்டுப் போ."

கடையே சிரித்தது. டீ கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு எண்பதைப் போட்டுப் பார்த்தேன் மாமா. அதிலும் சரிபாதிதான் போகிறது. நூறு போட்டாலும் பாதி. எண்பதில் போகும் பாதி, நாற்பதில் போகும் பாதியைப் போல நான்கு மடங்கு என்பது உண்மைதான். ஆனால் அதற்கு எவ்வளவு பம்பர் நெளியும், எத்தனை அட்டை முட்டை உடையும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆக, பழி அங்கேயேதான் கிடக்கிறது. நான் அதன் மேல் பேனாவை ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

காலையில் நடந்ததற்கு மேடையும் பொறுப்பல்ல. உங்களைப் போல அந்த முட்டையைச் சுற்றிவிட்டுப் பார்த்தேன். தள்ளாடிக்கொண்டே போய் விழுந்துவிட்டது. எங்கள் வீட்டுக் கோழி போட்டதைக்கூட நம்பாமல் சுற்றிப் பார்க்கிறவன் நான். உங்கள் நாற்பதை மட்டும் சுற்றிப் பார்க்காமலே முதல் வரியில் எழுதியிருக்கிறேன்.

தாள் புத்தகப் பையில்தான் இருக்கிறது. அந்த வரியை அடிக்கவில்லை.