தம்பியின் பரியப் பணம்

பிரமாதி வருஷம், மாசி மாதம், வியாழன் இரவு.

கடன் தீர்ந்துவிட்டது. கடன் சமரச போர்டில் போட்டுக் கொடுத்த தவணை முடிய இன்னும் மூன்று வருஷம் இருந்தது. நானும் தம்பி சடையனும் விடியுமுன் சேந்தமங்கலத்துக்கு இறங்கிப் போய், வட்டிக்காரரிடம் மொத்தத்தையும் கட்டி, அடமானத்தில் இருந்த நிலத்துப் பத்திரத்தை வாங்கிக்கொண்டோம். பாதிப் பணம் நான் மிளகு விற்றது. மீதி, சடையன் தன் கல்யாணத்துக்குப் பெண் வீட்டாருக்குக் கொடுக்கச் சேர்த்து வைத்திருந்த பரியம்.

பரியத்தைக் கடனுக்குப் போடுவதைப் பெண் வீட்டில் சொல்லிவிட்டதாகத்தான் அவன் சொல்லியிருந்தான். திரும்பி மலையேறும்போது, பாதி வழியில், "இனிமேத்தான் சொல்லோணும் அண்ணா" என்கிறான். வந்த கோபத்தில், வீட்டுக்குப் போகாமல் அவனை நேரே பெண் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

பெண்ணின் அப்பா வாசலில் தினை புடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். சடையன் தலையே நிமிரவில்லை. அவர் முறத்தைக் கீழே வைத்தார்.

"நெலத்து மேல இனி ஒண்ணும் பாக்கி இல்லீங்களே?"

"இல்லீங்க."

"அப்ப அடுத்த வருசம் மொளகு காய்ச்சதும் பரியம் குடுங்க. கடன்ல கெடக்கற ஊட்டுக்குப் புள்ளைய எப்படி அனுப்பறதுன்னுதானுங்க நானும் ரோசன பண்ணிக்கிட்டிருந்தேன்."

வரும் வழியெல்லாம் சடையனை விட்டு முன்னால் நடந்தேன். வீட்டில் சாப்பிடும்போது என் களியில் பாதியை எடுத்து அவன் வட்டிலில் வைத்தேன். அவன் அதையும் தின்று முடித்தான்.

அடுத்த வருஷத்து மிளகும் கடனுக்குத்தான், தம்பிக்குத் தர வேண்டிய பரியக் கடனுக்குத்தான், போகப் போகிறது. இருந்தாலும், எத்தனையோ நாளைக்குப் பிறகு இன்றைக்குத்தான் தூக்கம் கண்ணைச் சொக்குகிறது.