பத்மாவின் வண்டிக்கு மூன்றாவது கை

நவம்பர் 6, திங்கள்

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு இந்த நோட்டு என்னை மன்னிக்க வேண்டும். மணி பதினொன்றரை. சாயங்காலம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. கூடம் முழுக்க ஈரத்துணி. மகள் பத்மா இப்போதுதான் கண்ணயர்ந்தாள்.

பள்ளிக்கூடம் போய்வந்தேன். தலைமை ஆசிரியை நல்ல மாதிரி. மறுக்கவில்லை. ஜனவரியில் இடம் உண்டு, டிசம்பர் முதல் வாரம் வரை வைத்திருப்பார். ஆனால் ரிக்‌ஷா கேட்டோடு நின்றுவிடும். அங்கிருந்து வகுப்புக்கு, குழாயடிக்கு, சாப்பிடும் இடத்துக்கு, ஏழு வயதுப் பெண்ணை நாள் முழுக்கத் தூக்க ஆள் கிடையாது. தானாக வந்துபோக முடிந்தால் சேர்த்துக்கொள்கிறார்.

தானாக. போன வருஷக் காய்ச்சலுக்குப் பின் பத்மாவுக்கு இரண்டு காலும் நிற்காது. கைகள் கெட்டி. கட்டில் சட்டத்தைப் பிடித்தால் என்னால் பிரிக்க முடியாது.

கேட்டிலிருந்து வகுப்பு வரை எண்ணிவந்தேன். என் நடையில் அறுபத்திரண்டு. நடுவில் ஒரு மரம், அதைச் சுற்றி வளைவு. வகுப்பு வாசலில் ஒரு படி.

கையால் ஓட்டும் வண்டி. வேறு வழியில்லை. செய்துவிடலாம்.

நவம்பர் 8, புதன்

நல்ல வெயில். மிளகாய் காய்ந்தது. மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன்.

ஆறுமுகண்ணேயிடம் படம் போட்டுக் கொண்டுபோனேன். பின் வரிசை வீடு, செந்தூல் ரயில் பட்டறையில் பிட்டர். படத்தைத் தலைகீழாகப் பிடித்தார்.

"என்ன கிராணியம்மா, தையல் மெஷினா?"

(என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. அதனால் எனக்கும் அந்தப் பட்டம்.)

"வண்டிண்ணே. பத்மாவுக்கு. அவளே கையால ஓட்டணும்."

"காகிதத்தில எல்லா வண்டியும் ஓடும்மா. ஓடுற மாதிரி சின்னதா ஒண்ணு செஞ்சு காட்டுங்க. அப்புறம் நான் இரும்பைத் தொடுறேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி: "காலேஜ் படிச்சவங்ககிட்ட போய் வாயக் குடுக்கிற பாரு!"

செய்து காட்டினால் போச்சு. கட்டி விளையாடும் சாமான் பெட்டி இருக்கிறது. இவருடைய வெள்ளைக்காரத் துரை ஊர் திரும்பும்போது விட்டுப்போனது. துளை போட்ட சிவப்பு, பச்சைத் தகரப் பட்டைகள், பித்தளைச் சக்கரம், அச்சுக்கம்பி, ஸ்குரூ, நட்டு. வழிகாட்டிப் புத்தகம் இல்லை. பத்மா படுத்தே கிடந்த மாதங்களில் நாங்களே யோசித்து லோரி, மாட்டுவண்டி, ரயில் கிரேன் எல்லாம் கட்டினோம். மாட்டுவண்டி மட்டும் மூன்று தடவை. புத்தகம் இருந்திருந்தால் இவ்வளவு கற்றிருக்க மாட்டேன்.

நவம்பர் 11, சனி

முதல் வண்டி தயார்.

பின்னால் பெரிய சக்கரம் 2, ஒரே அச்சில். முன்னால் சின்னது 1. ஆசனத்துக்கு இரு பக்கமும் சுற்றும் கைப்பிடி. கைப்பிடியிலிருந்து அச்சுக்குச் சங்கிலி வேண்டும். பெட்டியில் இல்லாததால் தையல் நூல்.

கூடத்துத் தரையில் கோலமாவால் பள்ளிக்கூடப் பாதை போட்டேன். மரத்துக்குப் பதில் அரிசி அளக்கும் படி. கைப்பிடியைச் சுற்றினால் வண்டி அழகாக ஓடுகிறது. நேராக. நேரே போய்ப் படியில் முட்டியது. பத்மாவுக்கு ஒரே சிரிப்பு, மறுபடி மறுபடி முட்டவைத்தாள்.

முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு கம்பி வைக்கலாம். ஆனால் ஓட்டவே இரண்டு கையும் போய்விட்டதே. திருப்ப மூன்றாவது கைக்கு எங்கே போவது?

நவம்பர் 12, ஞாயிறு

காலையில் சண்டை. பத்மா நாற்காலியிலிருந்து குனிந்து வண்டியை எட்டப்பார்த்தாள். குனியாதே என்றேன். எக்காதே என்றேன். இன்னும் நாலு "ஆதே" சொல்லியிருப்பேன். இவர் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து:

"அவ எதைத் தொட்டாலும் நீ ஒரு முட்டுக்கட்டை. நாளைக்கு வண்டி வந்தா மட்டும் விடப்போறியாக்கும்!"

அடுக்களைக்கு வந்துவிட்டேன். பயற்றங்காய் நறுக்கினேன். கோபத்தில் விரல் நீளத்துக்கு ஒன்று, நகம் அளவுக்கு ஒன்று.

முட்டுக்கட்டை.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். கல்லூரி நாளில் மயிலாப்பூரில் தேர் பார்த்திருக்கிறேன். தேருக்குத் திருப்பும் சக்கரம் ஏது? தெருமுனையில் ஒருவன் ஒரு பக்கச் சக்கரத்தடியில் கட்டையைச் செருகுவான். அந்தச் சக்கரம் தயங்கும், மற்றது போகும், தேர் திரும்பும்! முட்டுக்கட்டை போடுவதே திருப்பத்தான்.

அப்படியானால் இரண்டு சக்கரமும் ஒரே அச்சில் இருக்கக் கூடாது. இடக்கை இடச்சக்கரத்துக்கு, வலக்கை வலச்சக்கரத்துக்கு. இரண்டையும் சுற்றினால் நேரே. இடக்கையை நிறுத்திப் பிடித்தால் இடப்பக்கம் திரும்பும். மூன்றாவது கை வேண்டவே வேண்டாம்.

பயற்றங்காய் தீய்ந்துவிட்டது. இவர் அதையும் சாப்பிட்டார்.

நவம்பர் 13, திங்கள்

நீள அச்சை எடுத்துவிட்டு இரண்டு குட்டைக் கம்பி போட வேண்டும். பெட்டியில் இருந்த இரண்டும் பத்மாவின் கிரேனில்.

"கிரேனைப் பிரிக்கக் கூடாது."

"ரெண்டே ரெண்டு கம்பிதாண்டி."

"அது இல்லாம எப்படித் தூக்கும்? சும்மா ஒரே எடத்தில இருக்கும். என்னைய மாதிரி."

கிரேனிலிருந்து கையை எடுத்தேன். அவளே சற்று யோசித்துவிட்டு, "சரி, எடுத்துக்கோ. ஆனா நாந்தான் பிரிப்பேன்" என்றாள். ஸ்பானரைப் பிடுங்கிக்கொண்டாள். கால் மணி நேரத்தில் கிரேன் இல்லை.

கட்டி முடித்துப் பாதையில் விட்டால் வண்டி அரைகுறையாகத் திரும்பிக் கிறீச்சிட்டது. சக்கரம், நூல், கம்பி எல்லாம் பார்த்தேன், சரிதான். கடைசியில் பத்மா முன்சக்கரத்தை விரலால் ஆட்டிப்பார்த்தாள். அசையவில்லை.

"இத ஏம்மா இப்படி முறுக்கி வெச்சிருக்கே?"

கழன்று விழுந்துவிடும் என்றுதான். அவள் நட்டைத் தளர்த்தினாள். மேலே இன்னொரு நட்டு போட்டு, இரண்டையும் ஒன்றோடொன்று இறுக்கினோம். இனி கழலாது, அதே சமயம் சக்கரம் போகிற திசைக்குத் தானே திரும்பிக்கொள்கிறது. படியைச் சுற்றி ஒரு தடவை, இரண்டு தடவை. கோலமாவில் சக்கரத் தடம்.

நவம்பர் 15, புதன்

தூறல். வேலை முடிந்து ஆறுமுகண்ணே வந்தார். கை கழுவாமல் தொடமாட்டேன் என்று குழாயடிக்குப் போய்வந்தார்.

பத்மாதான் காட்டினாள். நேரே, வளைவு, வாசல். அவர் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு கைப்பிடியை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் சுற்றிப்பார்த்தார். வண்டி நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. எனக்கே அது தெரியாது.

"அடேயப்பா! எங்க எஞ்சினத் திருப்ப அவ்வளோ பெரிய மேடை வேணும், அதத் தள்ள ஆளு வேணும். இது இருந்த எடத்திலேயே திரும்புது!"

"செய்ய முடியுமாண்ணே?"

"போலே, முடியும்மா! சைக்கிள் சக்கரம் ரெண்டு, செயின் ரெண்டு. யாரு நெனச்சது இது?"

"அம்மா பாதி, நான் பாதி" என்றாள் பத்மா.

மாதிரி வண்டியைத் துண்டில் சுற்றி எடுத்துப்போனார். பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டுமாம்.

நவம்பர் 23, வியாழன்

ஆறுமுகண்ணே கட்டும் வண்டியில் சங்கிலி நழுவுகிறதாம். கைப்பிடியை நாலு விரற்கடை முன்னால் தள்ளி வைத்தால் சரியாகும் என்றேன். சரியாயிற்று. பத்மாவுக்கு இருமல், சுக்குக் கஷாயம்.

டிசம்பர் 2, சனி

வண்டி வந்தது. பச்சை வண்ணம், ரயில் பெட்டிக்கு அடித்ததில் மிச்சமாம்.

உட்காரவைத்துக் கச்சை கட்டினேன். பின்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டே ஓடினேன். வரிசை வீடு முழுக்க வாசலில்.

"பின்னால வராதம்மா. உன் நிழல் முன்னாடி விழுது."

விளக்குக் கம்பத்தடியில் நின்றேன். இவரும் பக்கத்தில். கோடி வீட்டு முனையில் இடக்கையை நிறுத்தினாள், திரும்பினாள், மறைந்தாள். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். நாற்பத்தொன்றில் சங்கிலிச் சத்தம். அப்புறம் முகம். வியர்வை. பல் தெரிய.

"நீ பின்னால போகலியே" என்றார் இவர்.

"போகல" என்றேன்.

திங்கட்கிழமை தபாலில் போட வேண்டியது. நகல் இங்கே:

தலைமை ஆசிரியை அவர்களுக்கு,

என் மகள் பத்மா கேட்டிலிருந்து வகுப்பு வரை தானாக வருவாள். மரத்து வளைவில் உதவி வேண்டாம். வகுப்பு வாசல் படிக்கு ஒரு பலகை போதும், அதை நாங்களே கொண்டுவருகிறோம். நான் கேட்டுக்கு வெளியே நிற்பேன், உள்ளே வரமாட்டேன். தாங்கள் நேரில் பார்ப்பதற்கு எந்த நாளில் அழைத்துவரலாம்? தயவுசெய்து சீக்கிரம் பதில் எழுதுங்கள்.